கோட் 100 முதல் கோட் 55 வரை: ஒரே லேஅவுட்டில் வெவ்வேறு உயரத் தண்டவாளங்களை இணைக்க முழுமையான வழிகாட்டி

எந்த ரயில் நிலையத்திலும் பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். மெயின் லைனில் கிடக்கும் தண்டவாளமும், வண்டிகள் ஒதுங்கி நிற்கும் பக்கத்து லூப் லைனில் கிடப்பதும், சரக்குக் கொட்டகைக்குப் போகும் கிளைப் பாதையான சைடிங்கில் கிடப்பதும் ஒரே உயரம் அல்ல. நம் ரயில்வேயின் முக்கியப் பாதைகளில் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் கிடக்கிறது. அதன் உயரம் 172 மி.மீ. லூப் லைன்களில் பரவலாக இருப்பது 52 கிலோ தண்டவாளம், 156 மி.மீ. பழைய பாதைகளில் கிடந்த 90ஆர் வகைத் தண்டவாளம் (கஜத்துக்கு 90 பவுண்டு எடை) 143 மி.மீ. உயரம், 75ஆர் 129, 60ஆர் 114. மாடல் ரயில் லேஅவுட்டில், அதாவது பலகையில் அமைக்கும் சிறு ரயில் பாதையில், இந்த வேறுபாட்டைக் கொண்டுவந்துவிட்டால், கட்டடமும் மரமும் வைப்பதற்கு முன்பே, வெறும் பலகையில் பாதை மட்டும் கிடக்கும்போதே எது மெயின், எது சைடிங் என்று கண்ணுக்குப் புரிந்துவிடும். நான் இந்த வேலையை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அது சிக்கனம். மறைவான இடங்களில் விலை குறைந்த, கைவசம் இருக்கும் கோட் 100 தண்டவாளத்தைப் (கோட் என்பது மாடல் தண்டவாளத்தின் உயரத்தைச் சொல்லும் எண்) போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் இடங்களுக்கு மட்டும் நல்ல தண்டவாளம் வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்க வரியும் கட்டி வாங்குகிற நமக்கு இது சிறிய விஷயம் அல்ல.

இங்கே சொல்வது எல்லாம் ஹெச்ஓ அளவுக்கு, அதாவது 1:87க்கு. முறைகள் மற்ற அளவுகளுக்கும் பொருந்தும்.

எண்கள் சொல்வது என்ன

கோட் என்பது தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. கோட் 100 என்றால் 0.100 அங்குலம், 2.54 மி.மீ. கோட் 83 என்றால் 2.11 மி.மீ. கோட் 70 என்றால் 1.78. கோட் 55 என்றால் 1.40. பீகோ கம்பெனியின் கோட் 75 இவற்றுக்கு நடுவே 1.9 மி.மீ.யில் நிற்கிறது.

இவற்றை 87ஆல் பெருக்கிப் பாருங்கள். கோட் 100 நிஜத்தில் 221 மி.மீ. உயரமாகிறது. அப்படி ஒரு தண்டவாளம் நம் நாட்டில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா ரயில்ரோடு போட்ட, கஜத்துக்கு 155 பவுண்டு எடையுள்ள மிகக் கனமான தண்டவாளமே 8 அங்குலம், 203 மி.மீ.தான். கோட் 83 பெருக்கினால் 184 மி.மீ.; அமெரிக்க மெயின் லைன்களின் 132, 136 பவுண்டு தண்டவாளங்களுக்கு இது அருகில் வரும், நம் 60 கிலோ தண்டவாளத்தைவிடக் கொஞ்சம் உயரம். கோட் 70 பெருக்கினால் 155 மி.மீ. நம் 52 கிலோ தண்டவாளம் 156! இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது அபூர்வம். கோட் 55 பெருக்கினால் 122 மி.மீ., 60ஆருக்கும் 75ஆருக்கும் நடுவே.

ஆகவே இந்திய ரயில்வே மாடல் செய்பவருக்குப் பங்கீடு தானாகவே அமைந்துவிடுகிறது. மெயின் லைன் கோட் 83, லூப் லைன் கோட் 70, பழைய சரக்கு சைடிங் கோட் 55. பார்வைக்குத் தெரியாமல் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஸ்டேஜிங் யார்டும் சுரங்கத்தின் உட்புறமும் கோட் 100.

நம் அகலப் பாதையின் 1676 மி.மீ. ஹெச்ஓவில் 19.2 மி.மீ. வர வேண்டும்; ஆனால் கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. பாதைதான். அகலம் ஏற்கெனவே குறுகியிருக்கும் பாதையில் உயரமான தண்டவாளத்தையும் போட்டால் பாதை இன்னும் ஒடுங்கித் தெரியும். உயரம் குறைந்த தண்டவாளம் அந்தக் குறையைக் கணிசமாக மறைக்கிறது.

வாங்குவதற்கு முன் சக்கரத்தைப் பாருங்கள்

உங்களிடம் இருக்கும் வண்டிகளின் சக்கர விளிம்பு எவ்வளவு ஆழம் என்று அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைக்கும் ஆர்பி-25 வடிவச் சக்கரத்தில், ஹெச்ஓவில் பரவலாக உள்ள 110 அகலத்துக்கு (0.110 அங்குலம்), விளிம்பு ஆழம் 0.025 அங்குலம், சுமார் 0.64 மி.மீ. இப்படிப்பட்ட சக்கரம் கோட் 55இலும் தடையின்றி ஓடும். ஐரோப்பாவின் மாடல் ரயில் தரமான நெம் 1.2 மி.மீ. வரை அனுமதிக்கிறது. பழைய பொம்மை ரயில் சக்கரங்கள் அதைவிடவும் ஆழமாக இருக்கலாம். கோட் 55 தண்டவாளத்தின் மொத்த உயரமே 1.40 மி.மீ. என்பதால், ஆழமான விளிம்பு ஸ்லீப்பரில் உள்ள ஆணித்தலை வடிவங்களில் தட்டித் தட்டி ஓடும். அப்படிப்பட்ட வண்டிகள் இருந்தால் ஒன்று சக்கரத்தை மாற்ற வேண்டும், அல்லது கோட் 70க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். ஒரு துண்டு வாங்கி, எல்லா வண்டிகளையும் அதில் உருட்டிப் பார்த்த பிறகு மொத்தமாக வாங்குவது நல்லது.

படி 1: மாறும் இடத்தைத் தாளில் குறியுங்கள்

பாதைத் திட்டத்தை வரைந்து, ஒவ்வொரு கோட் எண்ணுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். நிறம் மாறும் புள்ளிதான் இணைப்பு. அந்தப் புள்ளி நேர்ப்பாதையில் இருக்க வேண்டும். வளைவில் வைத்தால் தண்டவாளம் நிமிர்ந்துகொள்ளப் பார்க்கும் விசை முழுவதும் அந்த இணைப்பின் மேல் விழும். ஏற்றம் தொடங்கும் இடம், பாலத்தின் முனை, இரண்டு பலகைகள் சேரும் இடம் இவற்றையும் தவிருங்கள். சுரங்கத்துக்குள்ளே கோட் 100இலிருந்து 83க்கு மாறுவதாக இருந்தால், வாயிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் மாறுங்கள். தடம் புரண்டால் கையை விட்டு எடுக்க முடியும்.

பாயிண்ட், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு, அதன் விஷயத்தில் ஒரு விதியை நான் விட்டுக்கொடுப்பதில்லை. மெயின் லைனிலிருந்து பிரியும் பாயிண்ட் முழுவதும் மெயின் லைன் உயரத்திலேயே இருக்கட்டும். ஃபவுலிங் மார்க், அதாவது பக்கத்துப் பாதையில் வண்டி இடிக்காமல் போக இங்கே நிற்கும் வண்டி தாண்டக் கூடாத குறி, அதைக் கடந்த பிறகே கோட் 70க்கு மாறுங்கள். பாயிண்ட்டின் முனையிலேயே மாற்றினால் அதைக் கழற்ற வேண்டிய நாளில் இணைப்பையும் அறுக்க நேரும்.

கோட் 100இலிருந்து நேரே 70க்கு இறங்கலாமா என்றால், முடியும். ஆனால் வித்தியாசம் 0.76 மி.மீ.; ஜாயினரில், அதாவது இரு தண்டவாள முனைகளைச் சேர்க்கும் சிறு உலோக உறையில், சரிக்கட்டுவது கடினம். நடுவே ஒரு சாண் நீளமாவது கோட் 83 போட்டு இரண்டு படியாக இறங்குங்கள். 100க்கும் 83க்கும் வித்தியாசம் 0.43 மி.மீ., 83க்கும் 70க்கும் 0.33, 70க்கும் 55க்கும் 0.38.

படி 2: ஸ்லீப்பரையும் சேர்த்து அளங்கள்

மேலே சொன்ன எண்களை மட்டும் நம்பி அட்டை வெட்டக் கூடாது. ஸ்லீப்பரின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு கம்பெனிகளின் கோட் 83 பாதைகளே ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகாமல் இருப்பது உண்டு. இரண்டு பாதைத் துண்டுகளையும் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஸ்லீப்பரின் அடியிலிருந்து தண்டவாளத்தின் உச்சி வரை வெர்னியர் காலிப்பரால் அளங்கள். கிடைக்கும் வித்தியாசம்தான் தாழ்ந்த பாதைக்கு அடியில் கொடுக்க வேண்டிய முட்டு.

ஹெச்ஓவைவிடச் சிறிய ‘என்’ (N) அளவுப் பாதையைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல்: பீகோவின் கோட் 55 உண்மையில் உயரம் கூடிய தண்டவாளம், அதன் கீழ்ப்பகுதி ஸ்லீப்பருக்குள் புதைந்திருக்கிறது. அதை மற்ற கம்பெனி கோட் 55போல் நினைத்து அளக்காதீர்கள்.

படி 3: அடித்தளத்தைச் சாய்த்து எடுங்கள்

மெயின் லைன் உயர்ந்த ஜல்லி மேட்டில் கிடக்கும். சைடிங் கிட்டத்தட்டத் தரைமட்டத்தில் கிடக்கும். மாடலில் மெயின் லைனுக்கு 5 மி.மீ. கார்க், லூப் லைனுக்கு 3 மி.மீ., சைடிங்குக்குக் கார்க்கே வேண்டாம். இந்த இறக்கமும் தண்டவாள உயர மாற்றமும் ஒரே இடத்தில் நிகழக் கூடாது. முதலில் சமதளத்தில் தண்டவாளம் மாறட்டும். ஒரு சாண் தாண்டிய பிறகு கார்க் இறங்கட்டும்.

2 மி.மீ. இறங்க 30 செ.மீ. நீளமாவது கொடுங்கள். கார்க்கை ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்த பிறகு, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்குங்கள். தேய்த்த இடத்தின் மேல் எஃகு அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம்.

இணைப்புக்கு அடியில் கொடுக்கும் முட்டுக்கு ஸ்டைரீன் தகடோ விசிட்டிங் கார்டோ போதும். விசிட்டிங் கார்டு பெரும்பாலும் 0.3 மி.மீ. சுற்றி இருக்கும், அளந்துவிட்டே பயன்படுத்துங்கள். முட்டு இணைப்பிலிருந்து 10 செ.மீ. தூரத்துக்கு முழுத் தடிமனில் நீள வேண்டும், பிறகு மெல்ல மெல்லக் குறைய வேண்டும். அட்டை என்றால் இருபுறமும் ஷெல்லாக் அல்லது வார்னிஷ் பூசுங்கள். ஜல்லி ஒட்டும்போது ஊற்றும் பசைத் தண்ணீரில் அட்டை ஊறி உப்பினால் அதுவரை செய்த அளவெல்லாம் வீண்.

படி 4: இணைப்பு

இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை ஒன்றே. சக்கரம் தொடுவது இரண்டு இடங்களை: தண்டவாளத்தின் உச்சி, உட்பக்க விளிம்பு. இந்த இரண்டும் இணைப்பில் ஒரே கோடாகப் போக வேண்டும். உயர வித்தியாசம் அடியில் போகட்டும், தலையின் அகல வித்தியாசம் வெளிப்பக்கம் போகட்டும். நிஜ ரயில்வேயும் இதைத்தான் செய்கிறது. இரு வேறு தண்டவாளங்களைச் சேர்க்க காம்பினேஷன் ஃபிஷ் பிளேட் என்று தனி வடிவத்தில் செய்த பட்டைகளைப் போடுகிறார்கள். உச்சியும் உள்விளிம்பும் சமமாக நிற்கும்படி அவை அமைந்திருக்கும்.

தயாராகக் கிடைக்கும் டிரான்சிஷன் ஜாயினர்கள் உண்டு. அட்லஸ், மைக்ரோ இன்ஜினியரிங் போன்றவை விற்கின்றன. ஒரு பாதி பெரிய தண்டவாளத்துக்கும் மறுபாதி சிறியதற்கும் படிக்கட்டாக வளைந்திருக்கும். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவையும் உச்சியைச் சுமாராகத்தான் சமன் செய்யும், உள்விளிம்பை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே கையால் செய்யக் கற்றுக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

இணைப்பை லேஅவுட்டில் குனிந்துகொண்டு செய்யாதீர்கள். மேஜையில் உட்கார்ந்து, இரு பக்கமும் 10 செ.மீ. வீதம் 20 செ.மீ. துண்டாகச் செய்து முடித்து, பிறகு பாதையில் பொருத்துங்கள். சரியாக வராவிட்டால் அந்தத் துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு வேறு செய்யலாம்.

இரண்டு துண்டுகளின் முனையிலும் மூன்று நான்கு ஸ்லீப்பர்களை எடுத்துவிடுங்கள். தண்டவாள முனைகளை அரத்தால் சதுரமாக்கி, அடிப்புறத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். பெரிய தண்டவாளத்துக்குரிய ஜாயினரை அதில் பாதி மட்டும் செருகுங்கள். வெளியே நீளும் மறுபாதியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். இப்போது பெரிய தண்டவாளத்தின் அடியிலிருந்து ஒரு தகடு நீட்டிக்கொண்டு நிற்கும். சிறிய தண்டவாளம் அந்தத் தகட்டின் மேல் உட்காரும். உச்சி சமமாகும் வரை தகட்டை இம்மியளவு மேலே வளைத்துக்கொள்ளுங்கள். மீதி இடைவெளியைச் சால்டர் செய்யும்போது உருகி ஓடும் ஈயம் நிரப்பும்.

சமமாக வைத்திருக்க எளிய வழி, எல்லாவற்றையும் தலைகீழாகக் கவிழ்த்து கண்ணாடித் தகட்டில் வைப்பது. உச்சி இரண்டும் கண்ணாடியில் படிந்தால் உயரம் தானாகச் சமம். உள்பக்கத்தில் எஃகு அளவுகோலை ஒட்டி நிறுத்தினால் விளிம்பும் சமம். சிறு கிளிப்புகளால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: சால்டரிங்

தண்டவாளம் நிக்கல் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. ஈயம் அதில் நன்றாகப் பிடிக்கும். 40 வாட்டுக்குக் குறையாத அயர்ன், ரோசின் ஃப்ளக்ஸ், மெல்லிய 60/40 ஈயக்கம்பி வேண்டும். ஆசிட் ஃப்ளக்ஸ் மட்டும் கூடாது; அது தங்கிய இடத்தில் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் தட்டையான தகட்டிலும் சிறிய தண்டவாளத்தின் அடியிலும் தனித்தனியே மெல்லிய ஈயப்பூச்சு கொடுங்கள். இணைப்பின் இருபுறமும், ஸ்லீப்பர் தொடங்கும் இடத்தில், ஈரப் பஞ்சு வையுங்கள். சூடு அதைத் தாண்டிப் போய்ப் பிளாஸ்டிக்கை உருக்காது. பிறகு அயர்னின் முனையைத் தகட்டில் அழுத்தி, ஈயம் பளிச்சென்று ஓடியதும் உடனே எடுத்துவிடுங்கள். அயர்ன் சிறியதாக இருந்தால் அதிக நேரம் அழுத்த வேண்டிவரும், அதில்தான் ஸ்லீப்பர் உருகும். ஆற விடுங்கள். ஆறும்வரை தொடாதீர்கள்.

இதற்கு மேலும் ஒரு பலம் சேர்க்கலாம். பிசிபி எனும் மின்சுற்றுப் பலகை செய்யப் பயன்படும், செம்பு பூசிய காப்பர் கிளாட் போர்டை ஸ்லீப்பர் அகலத்துக்கு அறுத்து, இணைப்பின் இருபுறமும் ஒவ்வொன்று வைத்துத் தண்டவாளத்தை அதன் மேல் சால்டர் செய்வது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் அந்த போர்டு கிடைக்கும். சிறிய தண்டவாளத்தின் கீழ் வரும் ஸ்லீப்பரில் தேவையான தடிமனுக்குப் பித்தளைத் தகட்டுத் துண்டு வைத்து உயர்த்துங்கள். நடுவில் செம்புப் பூச்சை அரத்தால் கீறி அறுக்க மறந்தால் இரு தண்டவாளங்களும் ஷார்ட் ஆகிவிடும். மல்டிமீட்டரால் சோதித்த பிறகே பாதையில் வையுங்கள். இன்சுலேட் செய்ய வேண்டிய இணைப்புக்கு இந்த முறைதான் சரி. உலோக ஜாயினரே வேண்டாம். நடுவே ஸ்டைரீன் துண்டு செருகி எப்பாக்சி வைத்து, தண்டவாள வடிவத்துக்குச் செதுக்கிவிடலாம்.

படி 6: அரம்

ஆறியதும் விரல் நகத்தை உச்சியிலும் உள்விளிம்பிலும் இரு திசையிலும் ஓட்டுங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். மெல்லிய அரத்தைத் தண்டவாளத்தின் நீளவாக்கில் ஓட்டி மேட்டை எடுங்கள். குறுக்காக ஓட்டினால் கீறல் விழும், கீறலில் அழுக்குச் சேரும். அகலமான தலையின் உள்மூலையை மட்டும் 2 மி.மீ. நீளத்துக்கு மெல்லச் சாய்த்துவிடுங்கள். கடைசியில் 600 எண் உப்புத்தாள். இடைவெளியில் வழிந்த ஈயத்தைக் கத்திமுனையால் சுரண்டி எடுத்து, 16.5 மி.மீ. இருக்கிறதா என்று என்எம்ஆர்ஏ கேஜை வைத்துப் பாருங்கள். பிறகு ஸ்லீப்பர்களை, அவற்றின் மேல் உள்ள ஆணி வடிவங்களைச் செதுக்கிவிட்டு, அடியில் செருகி ஒட்டுங்கள்.

படி 7: மின்சாரம்

சால்டர் செய்த இணைப்பு மின்சாரத்தைக் கடத்தும்தான். ஆனாலும் இணைப்பின் இருபுறமும், தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் வயரைத் தனித்தனியே கொடுங்கள். சிறிய தண்டவாளத்தில் உலோகமும் குறைவு, மின்தடையும் கூடுதல். கோட் 55 சைடிங்கின் கடைசியில் என்ஜின் சோர்ந்து போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபீடரை வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். அதிகபட்சம் ஒரு மீட்டருக்கு ஒன்று. பலகைக்கு அடியில் ஓடி எல்லா ஃபீடர்களுக்கும் மின்சாரம் தரும் பஸ் வயருக்கு வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் தாராளம்.

எல்லா இணைப்பையும் சால்டர் செய்துவிடாதீர்கள். 3 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் சுமார் 1 மி.மீ. நீளும். மொட்டைமாடி அறையில் லேஅவுட் வைத்திருந்தால் மே மாதத்தில் அந்த மாற்றம் நிச்சயம். டிரான்சிஷன் துண்டின் இரு முனைகளையும் வெறும் ஜாயினரில் விட்டு, விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி கொடுங்கள்.

படி 8: ஓட்டிப் பாருங்கள், பிறகு வண்ணம்

ஜல்லி கொட்டுவதற்கு முன் சோதியுங்கள். உங்களிடம் உள்ள மிக இலேசான நாலுசக்கர வேகனைக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். டக் என்ற ஒலி வந்தால் எந்தத் திசையில் வருகிறது என்று பாருங்கள். சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும்போது மட்டும் வந்தால் பெரிய தண்டவாளத்தின் முனை மேடு. பிறகு ஆறு அச்சு டீசல் என்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் விட்டு, கடைசியில் நீளமான வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். பின்னோக்கித் தள்ளும்போது ஒழுங்காகப் போகும் இணைப்பு எப்போதும் ஒழுங்காகப் போகும்.

வண்ணம் கடைசி வேலை என்றாலும், இவ்வளவு உழைத்ததைக் கண்ணுக்குக் காட்டுவது அதுதான். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருநிறம் பூசினால் உயரம் இன்னும் குறைந்து தெரியும். கோட் 83 பாயிண்ட் மட்டுமே கிடைக்கும் யார்டுகளில் அதைக் கோட் 70போலக் காட்ட இதுவே வழி. மெயின் லைனுக்குச் சாம்பல் நிறப் புது ஜல்லியும், பிரேக் தூசுக்கு லேசான பழுப்பும் போதும். லூப்பில் ஜல்லி கொஞ்சம் தணிந்து, கருத்துப் போயிருக்கட்டும். சைடிங்கில் ஸ்லீப்பர்களின் இடைவெளியைக் கூட்டி, ஒன்றிரண்டை லேசாகக் கோணலாக்கி, ஜல்லிக்குப் பதில் சலித்த செம்மண் தூவுங்கள். மண்ணில் இரும்புத்துகள் இருந்தால் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், எனவே தூவும் முன் அதன் ஊடே ஒரு காந்தத்தை ஓட்டி எடுங்கள். டிரான்சிஷன் துண்டின் மேல் மட்டும் ஜல்லிப் பசையைக் குறைவாக விடுங்கள். எப்போதாவது அதைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தட்டையான கத்தியால் நெம்பி எடுத்துவிடலாம்.